ஃபேடரைத் திறக்கும் முன்: ஹிப் ஹாப்பும் ஸ்டோயிக் பயிற்சியும்

மனதைப் பழக்கும் பழைய கிரேக்க, ரோமானிய மரபான ஸ்டோயிக் தத்துவம் என்று தேடினால் ரோமப் பேரரசர் மார்கஸ் அரேலியஸின் சிலை, அதன் மேல் ஒரு வரி. ஹிப் ஹாப் என்று தேடினால் மைக் பிடித்த ஒருவரின் படம், அதன் மேலும் ஒரு வரி. இரண்டுக்கும் லைக் போட்ட கையோடு குரூப் சாட்டில் சண்டைக்கு இறங்கலாம். அந்த வரிகள் யாரையும் தடுத்ததில்லை. இந்த இரண்டு மரபுகளிலும் உருப்படியாக எடுத்துக்கொள்ள இருப்பது, அவர்கள் திரும்பத் திரும்பச் செய்து பழகிய பயிற்சிகள்தான்.

டிஜேயிலிருந்து தொடங்குவதுதான் முறை. ராப் பிறகுதான் வந்தது. 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் குடியிருப்பில் டிஜே கூல் ஹெர்க் இசைத்தட்டு ஓட்டிய பார்ட்டியைத்தான் ஹிப் ஹாப்பின் பிறந்தநாளாகச் சொல்வார்கள். பாட்டு ஒதுங்கி டிரம்ஸ் மட்டும் ஒலிக்கும் சில விநாடிகளுக்காகவே ஆடுபவர்கள் காத்திருப்பதை ஹெர்க் கவனித்தார். அந்தத் துண்டுக்கு பிரேக் என்று பெயர். ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை இரண்டு டர்ன்டேபிளில் வைத்து, ஒன்றில் பிரேக் முடியும்போது மற்றதில் அதையே மறுபடி தொடங்கினார். கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் இதைத் துல்லியமாக்கினார். தட்டின் மேல் கிரயானால் கோடு போட்டு, எத்தனை சுற்று பின்னால் திருப்ப வேண்டும் என்று எண்ணினார். நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்தில் ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி. நிமிடத்துக்கு 100 பீட் ஓடும் பாட்டில் அது சரியாக 3 பீட். நான்கு பார், அதாவது 16 பீட் நீளமுள்ள பிரேக்கின் தலைக்குத் திரும்ப 5⅓ சுற்று.

கோடு மட்டும் இருந்தால் போதாது. கூட்டம் ஒரு தட்டைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அடுத்த தட்டைத் தன் ஹெட்ஃபோனில் மட்டும் கேட்கும்படி ஃபிளாஷ் ஒரு ஸ்விட்சைப் பொருத்திக்கொண்டார். எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர், அதனால் முடிந்தது. இன்று எந்த டிஜே மிக்ஸரை எடுத்தாலும் இந்த வேலைக்கென்றே கியூ பட்டன் இருக்கும். ஸ்டோயிக் பயிற்சியின் மையமே இந்தப் பட்டன்தான் என்பேன்.

அடிமையாக வாழ்ந்து, விடுதலையாகி, பிறகு கிரேக்கத்தின் நிக்கோபோலிஸ் நகரில் பள்ளி நடத்திய ஸ்டோயிக் ஆசிரியர் எபிக்டெடஸ். ஒரு எண்ணம் பாய்ந்து வரும்போது அதனிடமே 'கொஞ்சம் பொறு, நீ என்னவென்று பார்க்கிறேன்' என்று சொல்லப் பழக்கினார். அந்த எண்ணம் வருவது நம் கையில் இல்லை. அதை ஆமோதித்து வெளியே விடுவது நம் கையில் இருக்கிறது. ஹெட்ஃபோனில் கேட்டாயிற்று, கூட்டத்துக்கு ஒலியைத் திறந்துவிடும் ஃபேடர் இன்னும் மூடியிருக்கிறது. அந்த இடைவெளியில்தான் வேலை.

செய்வது இப்படி. எரிச்சலூட்டும் ஒரு மெசேஜ் வருகிறது, அல்லது வர வேண்டியது வரவில்லை. முதலில் நடந்ததை மட்டும் ஒரு வாக்கியமாகச் சொல்லுங்கள்: 'மூன்று மணிக்குக் கேட்டதற்கு ஆறு மணி வரை பதில் இல்லை.' பிறகு நீங்களாகச் சேர்த்ததைத் தனியே சொல்லுங்கள்: 'என்னை மதிக்கவில்லை.' இது உங்கள் டிராக், வந்த டிராக் இல்லை. கடைசியாக, இதில் நான் செய்யக்கூடியது ஏதாவது உண்டா என்ற கேள்வி. உண்டென்றால் அதைச் செய்யும் நேரத்தை இப்போதே குறித்துவிடுங்கள்.

நேரம் குறிக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கோபத்துக்குப் பெரிய மருந்து தாமதம் என்றார் ரோமானிய ஸ்டோயிக் எழுத்தாளர் செனகா. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று நாம் சொல்வதும் அதைத்தான். ஆனால் எல்லையில்லாத தாமதம் மனதுக்குள் குமைவதில் போய் முடியும். நல்ல டிஜே அடுத்த பாட்டை நினைத்த இடத்தில் நுழைக்க மாட்டார். ஓடுகிற பாட்டில் நான்கோ எட்டோ பார் முடிந்து புதிய சுற்று தொடங்கும் முதல் பீட்டுக்காகக் காத்திருப்பார். உங்கள் பதிலுக்கும் ஒரு முதல் பீட் வேண்டும். 'சாப்பிட்ட பிறகு', 'நாளை காலை பத்து மணி' என்று ஏதாவது ஒன்று.

பலர் சறுக்கும் இடமும் இங்கேதான். பதற்றமே வரக்கூடாது என்று நினைத்துக்கொண்டு, நெஞ்சு படபடத்ததும் 'நான் தோற்றுவிட்டேன்' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். செனகா இதைத் தெளிவாகவே பிரித்திருக்கிறார்: முகம் வெளுப்பது, உடம்பு நடுங்குவது, கண்ணீர் முட்டுவது எல்லாம் உடலின் முதல் அசைவுகள், அவற்றுக்கு யாரும் பொறுப்பில்லை. 'எனக்கு அநியாயம் நடந்தது, பழிவாங்குவேன்' என்று மனம் ஒப்புக்கொள்ளும்போதுதான் கோபம் பிறக்கிறது. படபடப்பை அமுக்கப் பார்ப்பது மாஸ்டர் வால்யூமைப் பூஜ்ஜியத்துக்கு இறக்குவது. கூட்டமே கலைந்துவிடும்.

அடுத்தது ராப் பேட்டில், இருவர் எதிரெதிரே நின்று ராப்பாலேயே மோதும் போட்டி. எதிராளி தன்னைப் பற்றி என்ன சொல்லக்கூடும் என்பதை முன்பே யோசித்து, அதைத் தானே முதலில் சொல்லிவிடுவது தேர்ந்த எம்சிகளின், அதாவது மைக் பிடித்து ராப் செய்பவர்களின், பழைய உத்தி. உடை, உயரம், வேலை, போன முறை வாங்கிய அடி என்று எல்லாவற்றையும் முதல் எட்டு பாரில் தானே கொட்டிவிட்டால் எதிராளியின் நோட்டுப் புத்தகம் காலி. எபிக்டெடஸும் இதையே சொன்னார்: யாரோ உன்னைப் பற்றித் தவறாகப் பேசினார்கள் என்று கேள்விப்பட்டால் மறுத்துப் பேசாதே, 'என் மற்ற குறைகள் அவருக்குத் தெரியாது போலிருக்கிறது, தெரிந்திருந்தால் இதோடு நிறுத்தியிருக்க மாட்டார்' என்று சொல்.

வேலை மதிப்பீட்டுக் கூட்டமோ கடினமான பேச்சோ இருந்தால், முந்தின நாள் பத்து நிமிடம் ஒதுக்கி, எதிரில் உட்காரப்போகிறவரின் குரலில் உங்களைத் தாக்கி எட்டு வரி எழுதிப் பாருங்கள். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் உண்மை, பொய், பொருட்டில்லை என்று குறியுங்கள். உண்மையானவற்றைக் கூட்டத்தில் நீங்களே முதலில் எடுத்துவிடுங்கள். ஒரு நிபந்தனை: அடைமொழி கூடாது. 'சோம்பேறி' என்று எழுதினால் அடித்துவிடுங்கள். 'இரண்டு அறிக்கைகள் தாமதம்' என்று எழுதுங்கள். ஒருவர் வேகமாகக் குளித்தால் மோசமாகக் குளித்தார் என்று சொல்லாதே, வேகமாகக் குளித்தார் என்று சொல் என்பது எபிக்டெடஸ் தந்த பாடம். அடைமொழிகளால் எழுதினால் இந்தப் பயிற்சி தன்னைத் தானே அடித்துக்கொள்வதாக மாறிவிடும். அதனால்தான் எட்டு வரி, பத்து நிமிடம் என்ற வரம்பும்.

இனி பற்றாக்குறை. 1987இல் வந்த எஸ்பி-1200 என்ற சாம்ப்ளரில், அதாவது ஒலித் துண்டுகளைப் பதிந்து திரும்ப ஒலிக்கவிடும் இயந்திரத்தில், மொத்தமே ஏறக்குறைய 10 விநாடி ஒலியைத்தான் சேமிக்க முடியும். தயாரிப்பாளர்கள் என்ன செய்தார்கள்? 33⅓இல் ஓட வேண்டிய தட்டை 45 வேகத்தில் ஓட்டிப் பதிவு செய்தார்கள். வேகம் 1.35 மடங்கு என்பதால் 13.5 விநாடி இசை அந்தப் 10 விநாடிக்குள் அடங்கியது. பிறகு இயந்திரத்துக்குள் சுருதியை இறக்கிப் பழைய வேகத்துக்குக் கொண்டுவந்தார்கள். 12 பிட் இயந்திரம் என்பதால் ஒலி கொஞ்சம் சொரசொரப்பானது. அந்தச் சொரசொரப்பையே இன்று வேண்டுமென்று தேடிச் சேர்க்கிறார்கள். வழியை மறிப்பதே வழியாகிறது என்று மார்கஸ் எழுதியதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்: தடை தானாக எதையும் தந்துவிடாது. யாரோ கணக்குப் போட்டு 45க்கு மாற்றினார்கள். எனவே 'நேரம் இல்லை', 'பணம் இல்லை' என்று புலம்பும்போது எவ்வளவு இல்லை என்று எண்ணில் எழுதுங்கள். 10 விநாடி என்று தெரிந்தால்தான் 13.5க்கு வழி தேட முடியும்.

இரவில் விளக்கை அணைத்த பிறகு அன்றைய நாளைத் தனக்குள் விசாரிப்பது செனகாவின் வழக்கம். எதையும் மறைக்காமல் பார்த்துவிட்டு, 'இந்த முறை மன்னித்தேன், இனிச் செய்யாதே' என்று தனக்கே சொல்லிக்கொள்வார். இதையும் 16 பாருக்குள் முடியுங்கள். நிமிடத்துக்கு 90 பீட் வேகத்தில் அது சுமார் 43 விநாடி. நீண்டால் தூக்கம் கெடும், அவ்வளவுதான்.

இரண்டும் முட்டிக்கொள்ளும் இடத்தையும் சொல்லியாக வேண்டும். ராப்பின் தற்பெருமை ஸ்டோயிக்குக்கு ஆகாது என்பார்கள். எனக்கு அது பெரிய முரணாகத் தெரியவில்லை. பந்து விளையாடும்போது பந்துக்கு மதிப்பில்லை, பிடிப்பதிலும் எறிவதிலும்தான் திறமை என்றார் எபிக்டெடஸ்; சைஃபரில், அதாவது ராப்பர்கள் வட்டமாக நின்று மாறி மாறிப் பாடும் இடத்தில், பெருமையடிப்பதும் அப்படியொரு ஆட்டம். ஆட்டம் முடிந்து வீட்டுக்குப் போன பிறகும் அதை நம்புகிறவருக்குத்தான் சிக்கல்.

கோபம் வேறு விஷயம். அநியாயத்துக்கு எதிராகக்கூடக் கோபம் உதவாது, கடமையே போதும் என்பது செனகாவின் வாதம். அவர் ரோமின் பெரும் செல்வந்தர்களில் ஒருவர், பேரரசர் நீரோவின் ஆலோசகர். இடிந்த கட்டடங்களும் வேலையில்லாத இளைஞர்களுமாக இருந்த பிராங்ஸில் கோபம் இல்லாமல் யாரும் மைக்கைத் தொட்டிருப்பார்களா என்று கேட்டால் அவரிடம் நல்ல பதில் இருக்காது. அவருக்குச் சாதகமாக ஒன்று சொல்லலாம்: அந்தக் கோபம் பாராக எண்ணப்பட்டு, எதுகை பார்த்து, அடித்துத் திருத்தி எழுதப்பட்ட பிறகுதான் மேடைக்கு வந்தது. அதுவும் தாமதம்தான், ஆனால் கோபத்தை வைத்துக்கொண்டே செய்த தாமதம். செனகா இதை ஒப்புக்கொண்டிருக்க மாட்டார். இந்த ஒரு விஷயத்தில் நான் ராப்பர்கள் பக்கம்.