சேத்ரி பத்தி கொஞ்சம்
2005ல குவெட்டாவுல பாகிஸ்தானுக்கு எதிரா இந்திய ஃபுட்பால் டீமுக்காக முதல் மேட்ச், அதுலயே கோல் போட்ட பையன் சுனில் சேத்ரி. 2018ல மும்பைல சைனீஸ் தைப்பேயை (தைவான் டீம்தான்) 5-0ன்னு அடிச்சோம், அவரோட ஹாட்ரிக் வேற, ஆனா பார்க்க ஆளே இல்ல. மனுஷன் வீடியோ போட்டு திட்டுங்க, கலாய்ங்க, ஆனா கிரவுண்டுக்கு வாங்கன்னு கெஞ்சுனாரு. ஒரு கேப்டன் கெஞ்சணுமா சொல்லுங்க! அடுத்த மேட்ச் கென்யாவோட, அவருக்கு 100வது, டிக்கெட் எல்லாம் காலி, கொட்டுற மழைல ரெண்டு கோல். 2024ல கொல்கத்தால குவைத் மேட்ச், 0-0, 94 கோலோட இந்திய டீம்ல இருந்து ரிட்டையர் ஆகி அழுதுகிட்டே கிளம்புனாரு, நானும் டிவி முன்னாடி அழுதேன். அடுத்த மார்ச்லயே திரும்பி வந்து ஷில்லாங்ல மாலத்தீவுக்கு எதிரா 95வது! அப்போ வயசு 40ப்பா. சந்தோஷம்தான், ஆனா இன்னமும் கோல் போட வேற ஆள் இல்லையான்னு கடுப்பாவும் இருந்துச்சு.