மூணாவது டிராம்போன்

தங்கச்சிமடத்தில் பேண்டு செட்டில் டிரம்பெட் ஊத ஆரம்பித்து 25 வருஷம் ஆகப்போகிறது. தேர் பவனி, கல்யாணம், துக்க வீடு என்று எல்லாவற்றுக்கும் ஊதியிருக்கிறேன். அக்கம்பக்கத்துச் செட்டுகளுக்கு நோட்ஸ் எழுதிக் கொடுப்பதும் என் வேலைதான். அதனால் ஜாஸ் பிக் பேண்டுக்கு எழுதுவதென்றால், வழக்கமாக எழுதுகிற நோட்ஸில் இன்னும் பத்து வரி கூட்டி எழுதுவதுதானே என்று நினைத்து இறங்கினேன். அப்படி இல்லை என்று புரிவதற்கு ஒரு மீன்பிடித் தடைக்காலம் முழுக்க ஆனது.

தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். விசைப்படகு கடலுக்குப் போகக்கூடாது. எங்கள் பக்கத்தில் பேண்டு வாசிக்கிறவர்களில் பலருக்குக் கடல்தான் சோறு போடுகிறது, ஊதுவது அதற்கு அப்புறம்தான். மற்ற மாதங்களில் எல்லோரையும் ஒரே இடத்தில் உட்கார வைப்பது நடக்காத காரியம். ஜூன் 13 அந்தோனியார் திருநாள். அன்று சாயந்திரம் பாம்பன், தங்கச்சிமடம் பக்கத்து ஆட்கள் எல்லோரும் சேர்ந்து, ஊருக்குத் தெரிந்த மூன்று கோயில் பாட்டுகளைப் பிக் பேண்டு பாணியில் வாசிப்பது என்று பேசி முடித்தோம். பங்குச் சாமி மண்டபத்தின் சாவியைக் கொடுத்துவிட்டார். எழுதுகிற பொறுப்பு என்னுடையது.

அமெரிக்காவில் உருவாகி நிலைத்த பிக் பேண்டு என்ற பெரிய ஜாஸ் குழுவுக்கு ஒரு கணக்கு உண்டு. சாக்ஸ் 5, அதாவது ஆல்டோ 2, டெனர் 2, பாரிடோன் 1. டிரம்பெட் 4, குழாயை நீட்டி மடக்கி ஊதுகிற டிராம்போன் 4. அப்புறம் பியானோ, கிட்டார், பேஸ், டிரம்ஸ். மொத்தம் 17 பேர். என்னிடம் இருந்ததும் 17 பேர்தான், ஆனால் ஆட்கள் வேறு. பாரிடோன் சாக்ஸ் எங்கள் ஆட்கள் யாரிடமும் கிடையாது. ஆல்டோ 2, டெனர் 1, கிளாரினெட் 1, டிரம்பெட் 4, டிராம்போன் 3, பிஸ்டனை அமுக்கி ஊதுகிற யுஃபோனியம் 2, கீபோர்டு, கிட்டார், பேஸ் கிட்டார், டிரம்ஸ்.

எனக்கு நோட்ஸ் படிக்கக் கற்றுக்கொடுத்தவர் ராணுவ பேண்டிலிருந்து ஓய்வு பெற்று வந்த மாஸ்டர். இப்போது அவருக்கு எண்பதை ஒட்டிய வயது. முதல் பாட்டை எழுதி முடித்துவிட்டு அவரிடம் காட்டப் போனேன். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்த மூணாவது டிராம்போனை யாருடா ஊதப்போறான்?"

"யாராவது ஒருத்தர் மாஸ்டர். இன்னும் முடிவு பண்ணல."

"முடிவு பண்ணாம எப்படி எழுதின?"

அந்தக் கேள்வி எனக்கு அன்றைக்கு உறைக்கவில்லை. நோட்ஸ் சரியாக இருந்தால் யார் ஊதினாலும் வந்துவிடும் என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன்.

முதல் ஒத்திகையில் அந்த நோட்ஸே சரியாக இல்லை என்று தெரிந்தது. எங்கள் ஆட்கள் சுருதியைக் கட்டைக் கணக்கில்தான் பேசுவார்கள். டிரம்பெட்காரர் தன் தாளில் சி என்று இருப்பதை ஊதினால் கீபோர்டில் அது பி-பிளாட், அதாவது ஆறரைக் கட்டை. ஆல்டோ சாக்ஸில் அதே சி-யை ஊதினால் ஈ-பிளாட், இரண்டரைக் கட்டை. ஆளுக்கொரு தாள், ஆளுக்கொரு கணக்கு. ஜாஸ்காரர்கள் பி-பிளாட், எஃப், ஈ-பிளாட் என்று சுருதி வைத்துக்கொள்வதற்கும் இந்த வாத்தியங்களுக்கு அது கைவாகாக இருப்பதுதான் காரணம். நானும் ஆறரைக் கட்டையில்தான் எழுதியிருந்தேன். ஆனால் ராத்திரி ஒரு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் டெனருக்கு எழுதிய கணக்கையே இரண்டாம் ஆல்டோவுக்கும் போட்டுவிட்டேன். ஸ வரவேண்டிய இடத்திலெல்லாம் ம வந்தது. அந்தப் பையன் என்னைக் குறை சொல்லவில்லை. தன் வாத்தியம்தான் கெட்டுவிட்டது என்று நினைத்து ரீடைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தான். அதைப் பார்க்கத்தான் கஷ்டமாக இருந்தது.

அது திருத்தக்கூடிய தப்பு, மறுநாளே திருத்தினேன். அடுத்த தப்புதான் பெரியது. நான் கம்ப்யூட்டரில் மியூஸ்ஸ்கோர் என்ற மென்பொருளில் எழுதுகிறேன். எழுதியதை அதுவே வாசித்துக் காட்டும். முதல் டிரம்பெட்டை உச்ச ஸ்தாயியில் வைத்து 24 பார், அதாவது 24 தாளச் சுற்று, இடைவெளியே இல்லாமல் எழுதியிருந்தேன். கம்ப்யூட்டர் அதை அப்படியே ஊதியது, கேட்க ஜோராக இருந்தது. எங்கள் முதல் டிரம்பெட் அண்ணன் பதினாறாவது பாரில் வாத்தியத்தை மடியில் இறக்கிவிட்டார். உதட்டைத் தடவிக்கொண்டு, "தம்பி, மூச்சு விட எங்கயாவது ஒரு இடம் குடுப்பா" என்றார். நானே டிரம்பெட் ஊதுகிறவன். பவனியில் நாலு தெரு சுற்றி வந்தபிறகு உதடு எப்படிச் செத்துப்போகும் என்று தெரிந்தவன். தெரிந்திருந்தும் கம்ப்யூட்டர் ஊதியதை நம்பி எழுதியிருக்கிறேன்.

அதற்கு அப்புறம் ஒரு வாரம் எதுவும் எழுதவில்லை. பழைய பதிவுகளைத்தான் கேட்டேன். 1920-களில் நியூயார்க்கில் ஃபிளெட்சர் ஹென்டர்சன் குழுவுக்காக டான் ரெட்மன் எழுதியவற்றைக் கேட்டால், சாக்ஸ் கூட்டம் ஒன்று சொல்லும், பித்தளைக் கூட்டம் பதில் சொல்லும். ஒருவர் ஊதும்போது மற்றவருக்கு ஓய்வு. கேட்பவருக்கு அது சுவை, ஊதுபவருக்கு அது மூச்சு. கரைவலை இழுக்கும்போது ஒருவர் அம்பா எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் ஏலேலோ என்று வாங்கிக்கொள்வதைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். எடுத்துக்கொடுக்கிறவர் பாடும்போது மற்றவர்கள் மூச்சு வாங்குவார்கள், அவர்கள் வாங்கிக்கொள்ளும்போது இவர் வாங்குவார். கயிறு மட்டும் நிற்காமல் வந்துகொண்டே இருக்கும். அதை மனதில் வைத்துக்கொண்டு முதல் பாட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுதினேன். டிரம்பெட் நாலு பார் ஊதினால் நாலு பார் சும்மா இருக்கும். கடைசிச் சுற்றில் மட்டும்தான் 17 பேரும் சேர்ந்து உரக்க ஊதுவது.

அடுத்து ஆட்களைக் கவனித்தேன். எங்கள் கிளாரினெட்காரர் நாதஸ்வரக் குடும்பத்திலிருந்து வந்தவர், மெட்டு அவர் கையில் குழையும். கிளாரினெட்டை சாக்ஸ்களுக்கு மேலே வைத்து, அதே மெட்டை டெனர் சாக்ஸ் ஒரு ஸ்தாயி கீழே ஊத, நடுவில் மற்ற சாக்ஸ்கள் நிரப்புவது கிளென் மில்லர் ஜாஸ் குழுவின் அடையாளமான சத்தம். எனக்கு அது அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி இருந்தது.

இந்த நிரப்புகிற வேலையைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல ஆசை. சில இடங்களில் டெனரும் மெட்டை விட்டுவிட்டு நிரப்புவதில் சேர்ந்துகொள்ளும். பாட்டு சங்கராபரணத்தின் ஸ்வரங்களில் போகிறது. மெட்டு ப-வில் நிற்கும்போது அதற்குக் கீழே க, ஸ, த என்று நெருக்கமாக அடுக்கினால் நாலு வாத்தியமும் ஒரே தொண்டை மாதிரி கேட்கும். மெட்டு ம-வுக்கு நகர்ந்தால் அந்த அடுக்கு ஒத்துவராது. அப்போது கீழே ரி, நி, அதோடு சுத்த தைவதம் என்று ஒரு கணம் மாற்றி, அடுத்த ஸ்வரத்தில் பழைய அடுக்குக்குத் திரும்பிவிட வேண்டும். சங்கராபரணத்தில் சுத்த தைவதத்துக்கு இடமே இல்லை. ஆனால் அது கண்மூடித் திறப்பதற்குள் வந்து போகிறது. அது போகிற வேகத்தில்தான் அந்த ஜாஸ் வாசனை வருகிறது. முதல் தடவை நாலு பேரும் இதைச் சுத்தமாக ஊதியபோது எனக்குக் கை மயிர் சிலிர்த்தது.

கீழ் ஸ்தாயியில் இந்த நெருக்கம் கூடாது. யுஃபோனியமும் டிராம்போனும் அடியில் ஒட்டி ஒட்டி ஊதினால் சத்தம் சேறாகிவிடும். கீழே போகப்போக ஸ்வரங்களுக்கு நடுவில் இடம் விட வேண்டும்.

தாளம் பற்றி நான் பயந்த அளவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஸ்விங் என்ற ஜாஸ் நடையில், தாளில் சமமாக எழுதியதை நெடில், குறில் என்று வாசிக்க வேண்டும். டிரம்ஸ் தம்பியிடம், "தகிட சொல்லு, நடு எழுத்தை முழுங்கிடு" என்றேன். தா-ட, தா-ட என்று இரண்டு தரம் சொன்னான், மூன்றாவது தரம் சிம்பலில் வந்துவிட்டது.

மே மாதக் கடைசியில் ஒரு சாயந்திரம் கோயிலைக் கூட்ட வந்த பெரியம்மா ஒருவர் வாசலிலேயே நின்று முழுசாகக் கேட்டார். முடிந்ததும், "எல்லாம் நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா அந்தோனியார் பாட்டை எங்க வச்சிருக்க?" என்றார். கேலியாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தேடியிருக்கிறார். அடுக்கி அடுக்கி மெட்டை மூடிவிட்டேன். நாற்பது வருஷமாக முழங்காலில் நின்று பாடிய பாட்டு அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அன்று ராத்திரி முதல் 16 பாரில் இருந்த அடுக்கு முழுவதையும் அழித்தேன். கிளாரினெட்டும் சாக்ஸ்களும் ஒரே ஸ்வரத்தில் மெட்டை மட்டும் ஊதின, கமகத்தோடு. பித்தளை வாத்தியங்கள் பேசாமல் காத்திருந்தன. முழுப் பாட்டிலும் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இன்றைக்கும் அதுதான்.

நோட்ஸ் படிக்கத் தெரியாத நாலு பேர் இருந்தார்கள், கேள்வி ஞானம் மட்டும். அவர்களை விட மனசில்லை. கவுன்ட் பேஸி குழு கான்சஸ் சிட்டியில் தாளே இல்லாமல், ஒருவர் இரண்டு பார் துணுக்கு ஒன்றை ஊதிக்காட்ட மற்றவர்கள் பிடித்துக்கொள்வது என்றே பல பாட்டுகளைக் கட்டியிருக்கிறது. இரண்டாவது பாட்டை நாங்களும் அப்படியே கட்டினோம். அதில் நாலாவது டிரம்பெட், பெரிய சிரட்டை ஒன்றை வழவழவென்று தேய்த்து எடுத்து வந்து வாத்தியத்தின் வாயில் வைத்து வைத்து எடுத்தார். வா, வா என்று குழந்தை அழுகிற மாதிரி ஒரு சத்தம். ஜாஸ்காரர்கள் ரப்பர் மூடி வைத்து எடுப்பதை எங்கேயோ வீடியோவில் பார்த்திருக்கிறார். அந்த இடத்தை நான் எழுதவே இல்லை, அவருடையது.

டியூக் எல்லிங்டன் என்ற அமெரிக்க ஜாஸ் குழுத் தலைவரைப் பற்றிப் படித்தது அந்த நாட்களில்தான். அவர் தன் குழுவுக்கு எழுதும் தாள்களில் 'டிரம்பெட் 3' என்று போடாமல் வாசிப்பவர் பெயரையே போடுவாராம். ஹாரி கார்னி என்ற பாரிடோன் சாக்ஸ்காரர் 1927-ல் சேர்ந்து, 1974-ல் எல்லிங்டன் இறக்கும்வரை அவரோடேயே இருந்திருக்கிறார். 47 வருஷம் ஒரே ஆளின் மூச்சுக்கு எழுதியிருக்கிறார் எல்லிங்டன். மாஸ்டர் கேட்ட கேள்வி அப்போதுதான் எனக்கு உறைத்தது. எல்லாத் தாளிலும் வாத்தியத்தின் பெயரை அடித்துவிட்டு ஆள் பெயரை எழுதினேன்.

அதில் ஒரு பெயர்தான் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. மூணாவது டிராம்போன் ஊதுகிற தம்பி நாட்டுப்படகில் போகிறவன். தடைக்காலம் விசைப்படகுக்குத்தான், வல்லத்துக்கும் வத்தைக்கும் கிடையாது. ஒத்திகைக்கு மூன்று நாள் வருவான், இரண்டு நாள் வரமாட்டான். அவன் தாளில் பல இடங்களில் காந்தாரம் இருந்தது. அது இல்லாவிட்டால் அடுக்கு சந்தோஷமா துக்கமா என்றே காதுக்குத் தெரியாது. "வேற ஆளைப் போடுங்க" என்று இரண்டு பேர் சொன்னார்கள். நான் கேட்கவில்லை. அவன் வராத நாளில் அந்த ஸ்வரத்தை வேறு யார் எடுப்பது என்று பார்த்து, இரண்டாவது யுஃபோனியம் பையனின் தாளில் அந்த இடங்களைச் சின்ன எழுத்தில் எழுதி வைத்தேன். தன் ஸ்வரத்தை விட்டுவிட்டு இதைப் பிடிக்க வேண்டும். அந்தப் பையன் விடுகிற ஸ்வரம் பேஸ் கிட்டாரிடம் ஏற்கெனவே இருந்தது.

திருநாள் அன்று கச்சான் காற்று பேய்போல் அடித்தது. தாள்களைத் துணி கிளிப் போட்டு ஸ்டாண்டில் மாட்டினோம். உப்புக் காற்றில் இரண்டு டிரம்பெட்டில் பிஸ்டன் இறுகிக்கொண்டது. தேங்காயெண்ணெய் விட்டால் நாளாக ஆகப் பிசினாகும் என்று எத்தனை தரம் சொன்னாலும் விடுகிறவர்கள் விடத்தான் செய்கிறார்கள், அன்றைக்குத் துடைத்துத் துடைத்துச் சரிசெய்தோம். ஆறரை மணிக்கும் மூணாவது டிராம்போன் வரவில்லை. காற்றைப் பார்த்துவிட்டுப் படகு வேறு கரையில் ஒதுங்கியிருக்கிறது, ஆள் பத்திரம் என்று போன் வந்தது. அவன் நாற்காலியை எடுக்க வேண்டாம் என்று சொன்னேன்.

கடைசிச் சுற்று வந்தபோது கையை ஆட்டிக்கொண்டே யுஃபோனியம் பையனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. கண் அந்தச் சின்ன எழுத்தில் இருந்தது. காந்தாரம் வந்தது. கொஞ்சம் தடிமனாக, டிராம்போனின் கூர்மை இல்லாமல், ஆனால் சரியான இடத்தில் வந்தது. வாசல் பக்கம் பெரியம்மா நின்றிருந்தார். உதடு அசைந்துகொண்டிருந்தது, பாடினார் போலிருக்கிறது.

மறுநாள் மத்தியானம் அந்தத் தம்பி வீட்டுக்கு வந்தான். கண் சிவந்திருந்தது.

"என் இடத்தை யாருண்ணே ஊதினா?"

"யுஃபோனியம் தம்பி."

"அந்தக் கடைசிக்கு முந்தின நோட்டும் வந்துச்சா?"

"வந்துச்சு. ஆனா நீ இழுத்து இறக்குவ பாரு, அது அவனுக்கு வரலை. அதுல இழுக்க முடியாதுல்ல."

அவன் சிரித்தான். தன் பெயர் எழுதிய தாளைக் கேட்டு வாங்கி, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். டிசம்பருக்குப் புதுப் பாட்டு ஒன்று எழுத உட்கார்ந்திருக்கிறேன். அதில் எட்டாவது பாரில் அந்த இழுப்புக்கு ஒரு இடம் விட்டிருக்கிறேன். அவன் வந்தால் ஊதுவான். வராவிட்டால் அந்த இரண்டு தாளமும் டிரம்ஸ் மட்டும்தான்.