அரைப் பரப்பும் அவசரக்காரனும்

லண்டனில் தோட்டம் செய்யக் காணி வேண்டுமென்றால் வரிசையில் நிற்க வேண்டும். நான் ஐந்து வருடம் நின்றேன். மகள் முதலாம் வகுப்பில் இருக்கும்போது எங்கள் பகுதிக் கவுன்சிலுக்கு அலொட்மென்ற் கேட்டு விண்ணப்பம் போட்டது. அவள் ஆறாம் வகுப்புக்கு வந்தபிறகு ஒரு ஒக்டோபரில், பாதி பிளொட் ஒன்று காலியாகியிருக்கிறது, வந்து பாருங்கள் என்று கடிதம் வந்தது.

அலொட்மென்ற் என்றால் வீட்டோடு ஒட்டாத, மரக்கறி வைப்பதற்கென்றே வருட வாடகைக்குக் கொடுக்கிற துண்டுக் காணி. சனம் கேட்டால் காணி கொடுப்பது உள்ளூராட்சியின் கடமை என்று 1908-ஆம் ஆண்டிலேயே இங்கே சட்டம் போட்டுவிட்டார்கள். அளப்பது இன்றைக்கும் ‘ரொட்’ கணக்கில்தான். முழு பிளொட் ஒன்று 10 ரொட், கிட்டத்தட்ட 250 சதுர மீற்றர். இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காணி அளவில் ரொட்டும், யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊரில் காணி உறுதியில் எழுதுகிற பேர்ச்சும் ஒன்றேதான். 10 பேர்ச் ஒரு பரப்பு. ஆக எனக்குக் கிடைத்தது சரியாக அரைப் பரப்பு.

“அரைப் பரப்பிலை என்னத்தையடா தம்பி செய்யப்போறாய்? நாலு வாழை வைச்சா முடிஞ்சுது” என்றார் அம்மா ஃபோனில்.

அம்மா இருப்பது எங்கள் ஊரான இணுவிலில். அப்பா புகையிலையும் வெங்காயமும் செய்த செம்பாட்டுத் தறை. அந்த மண்ணில் காலூன்றியவனுக்கு லண்டன் களிமண் ஒரு தண்டனை. மாரியில் சப்பாத்தில் ஒரு கிலோ ஒட்டிக்கொண்டு வரும். கோடையில் விரல் போகிற அளவு வெடிக்கும். அதற்கு மேல் இடுப்பளவு முட்பற்றை. அடியில் ‘பைன்ட்வீட்’ என்கிற கொடி. அதன் வேர் அவித்த இடியப்பம் மாதிரி வெள்ளையாக, ஒடிந்துபோகிறதாக இருக்கும். ஒடிகிற ஒவ்வொரு துண்டும் ஒரு புதுக் கொடி. இது தெரியாமல், கையால் கிண்ட அலுப்புப்பட்டு, உழுகிற மெசின் ஒன்றை வாடகைக்கு எடுத்து ஒரே நாளில் உழுதேன். ஒரு வேர் நூறாகியது. நான் வேர்வையைத் துடைத்தபடி பெருமையாக நின்றபோது பக்கத்துக் காணிக்காரர் ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். எழுபது தாண்டிய ஆங்கிலேயர். வீட்டில் நாங்கள் அவரைக் கிழவர் என்றுதான் சொல்லுவோம், பிரியத்தோடு.

அடுத்த அவசரம் தையில் வந்தது. தை மாசியில் எங்கள் ஊர்த் தோட்டம் பச்சைப்பசேல் என்று நிற்கும். அம்மா வட்ஸ்அப்பில் மிளகாய்ப் பூவைப் படம் எடுத்து அனுப்பினார். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஜனவரி முதல் வாரமே நாற்பது மிளகாய் விதையை ஈரக் கடதாசியில் பரப்பி, ஐஸ்கிறீம் பெட்டியில் மூடி, ஹீற்றருக்கு மேல் வைத்தேன். மிளகாய் முளைக்க 25, 30 பாகை சூடு வேண்டும். அந்தச் சூடு எங்கள் வீட்டில் அங்கே மட்டும்தான் இருந்தது.

“இஞ்சருங்கோ, பிள்ளையளுக்குக் குளிருது, போடுங்கோ எண்டால் போடமாட்டியள். மிளகாய்க்கு மட்டும் இரவு பகலா எரியுது” என்றாள் மனைவி.

ஒன்பதாம் நாள் முளை கண்டது. தட்டில் மண் போட்டு நட்டு யன்னல் ஓரம் வைத்தேன். அங்கேதான் பிழைத்தது. ஜனவரியில் இங்கே பகல் எட்டு மணித்தியாலம், அதுவும் மங்கல். அறையில் சூடு இருக்கிறது, வெளிச்சம் இல்லை. இரண்டு கிழமையில் நாற்றெல்லாம் வெளிறி, நூல் மாதிரி நீண்டு, யன்னல் பக்கம் சாய்ந்துவிட்டன. வாடுகிறதோ என்று பயந்து தண்ணீரை ஊற்றினேன். ஒரு காலை எழுந்து பார்த்தால் பாதி நாற்று மண்ணோடு மண்ணாகப் படுத்திருக்கிறது. தண்டு மண்ணைத் தொடுகிற இடத்தில் மட்டும் கறுத்து, கிள்ளிவிட்டது போல மெலிந்திருந்தது. நாற்றழுகல்.

ஊரில் நாற்றுமேடை போடும்போது அப்பா மேலே சருகைப் பரப்பி எரித்துவிட்டுத்தான் விதை தூவுவார். நெருப்புப் பார்க்கிற சந்தோஷத்தில் நாங்கள் சுற்றி நிற்போமே தவிர, ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லை. மண்ணில் கிடக்கிற பூஞ்சணத்தைத்தான் அவர் எரித்திருக்கிறார். இதை விளங்கிக்கொள்ள எனக்கு நாற்பத்தைந்து வயதும் இருபது மிளகாய் நாற்றும் செலவாயிற்று. லண்டன் பிளட்டில் சருகு எரித்தால் தீயணைப்புப் படை வந்துவிடும். ஆகவே இப்போது செய்வது: புதிதாகப் பிரித்த விதைமண், கழுவிய தட்டு, முளை கண்டதும் மூடியைக் கழற்றிவிடுவது, தண்ணீரை மேலே ஊற்றாமல் தட்டுக்கு அடியில் விட்டு மண்ணே உறிஞ்ச விடுவது.

மிஞ்சிய ஏழு மிளகாயையும் பத்துத் தக்காளியையும் ஏப்ரல் கடைசியில் கொண்டுபோய் நட்டேன். அந்தக் கிழமை நல்ல வெயில், சனம் ரீசேட்டோடு திரிந்தது. கிழவர் வேலியடியில் வந்து, செல்சி மலர்க் கண்காட்சி முடியட்டுமே என்றார். அது மே மாதப் பின்பகுதியில் நடக்கிறது. பூக் கண்காட்சிக்கும் என் தக்காளிக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்துத் தலையாட்டிவிட்டு நட்டேன். ஐந்தாம் நாள் இரவு வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. முகில் இல்லாத இரவு நிலத்துச் சூட்டையெல்லாம் மேலே விட்டுவிடும். விடிய ஏழு மணிக்குப் போனேன். புல்லெல்லாம் வெள்ளை, என் நாற்றெல்லாம் அவித்த கீரை.

கிழவர் “அப்பவே சொன்னேன்” என்று சொல்லவில்லை. மே கடைசியில் தன்னிடம் மிஞ்சிய நாலு தக்காளிக் கன்றைப் பழைய பத்திரிகையில் சுற்றிக் கொண்டுவந்து தந்தார். முதல் வருட அறுவடை அந்த நாலும்தான்.

இரண்டாம் வருடம் கொட்டில் கதவின் உட்பக்கத்தில் பென்சிலால் திகதி எழுதி, அதன்படி மட்டும் நடப்பது என்று முடிவெடுத்தேன். மிளகாய் பெப்ரவரி நடுவில், மேலே ஒரு எல்.ஈ.டி. விளக்கோடு. தக்காளி மார்ச் நடுவில். பூசணியும் சோளனும் ஏப்ரல் கடைசியில். மலசலகூடக் கடதாசி முடிந்தபிறகு மிஞ்சுகிற மட்டைக் குழாய்க்குள் மண் நிரப்பி ஒவ்வொரு விதை. வேரைக் குழப்பாமல் குழாயோடு நட்டுவிடலாம், அது மண்ணில் உக்கிவிடும். இதற்காக ஒரு வருடக் குழாயையும் சேர்த்துவைத்ததில் வீட்டில் மரியாதை கொஞ்சம் குறைந்தது உண்மை.

நடுவதற்கு முன் பத்துப் பதினாலு நாள் நாற்றைக் குளிருக்குப் பழக்க வேண்டும். காலையில் வெளியே, பின்னேரம் உள்ளே. வேலைக்குப் போகிற அவசரத்தில் ஐந்து தட்டைத் தூக்கி வாசலில் வைப்பதும், வேலையால் வந்து கோட்டுக் கழற்ற முன்னர் அதை உள்ளே எடுப்பதும். விதை போடுவதைப் பற்றி எல்லாரும் கதைப்பார்கள். இந்தத் தூக்கிச் சுமக்கிற இரண்டு கிழமையைப் பற்றி ஒருவரும் சொல்வதில்லை. பாதி ஆட்கள் விட்டுவிடுவதும் இங்கேதான்.

எல்லாவற்றுக்கும் நாற்றுமேடை வேண்டியதில்லை. வெந்தயக்கீரையை ஏப்ரலில் இருந்தே நேராகத் தூவலாம். முளைக்கீரை மே கடைசியில், மண் சூடானபிறகு. எனக்கு முன்னுக்குக் காணி வைத்திருக்கிற வங்காளதேசத்து அக்கா சிவப்புக் கீரை விதைக்கிற நாளைப் பார்த்து நானும் விதைத்தேன். ஆறு கிழமையில் முதல் கட்டு. வெண்டி வைக்கவே வேண்டாம். மூன்று காய் கண்டேன், மூன்றையும் படம் எடுத்தேன்.

பயித்தங்காய்தான் பெரிய ஆசை. கோயிலில் பழக்கமான அன்ரி ஒருவர் தன் பொலித்தீன் கூடாரத்தில் பல வருடமாக எடுத்துவருகிற விதையில் பத்துத் தந்தார். “வெளியிலை வைச்சியெண்டால் இலைதான் தின்னவேணும்” என்று சொல்லித்தான் தந்தார். நான் வெளியில் வைத்தேன். கொடி போனது, நல்லாகப் போனது, பூவே இல்லை. பயித்தையில் பல இனங்கள் பகல் குறுகினால்தான் பூக்கும். ஜூனில் லண்டன் பகல் பதினாறரை மணித்தியாலம். செப்டம்பரில் பூத்தபோது குளிர் வந்துவிட்டது. பக்கத்திலேயே கிழவர் சொல்லி வைத்த ரன்னர் பீன்ஸ் சிவப்புப் பூவோடு கம்பு உச்சிக்கு ஏறி, ஜூலை கடைசியில் இருந்து ஒன்றுவிட்ட ஒருநாள் ஒரு வாளி தந்தது. மெக்சிகோப் பக்கத்து மலைநாட்டில் பிறந்த கொடி, இந்தக் குளிர்ச்சி அதற்குச் சொந்த வீடு மாதிரி. இளசாகப் பிடுங்கித் தேங்காய்ப்பூப் போட்டு வறை வைத்தால் போஞ்சியை மறக்கலாம். நாலு நாள் பிந்தினால் முருங்கைக்காய் சப்புவது போலச் சப்பித் துப்பவேண்டும்.

அந்த வெற்றியில் தலை கொஞ்சம் வீங்கியது. மண்ணை இன்னும் கொழுக்க வைக்கலாம் என்று, கிட்ட உள்ள ஒரு குதிரைத் தொழுவத்தில் சும்மா தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, இலையுதிர் காலத்தில் பத்துச் சாக்கு எரு ஏற்றி வந்து பாதிக் காணிக்குப் பரப்பினேன். அடுத்த ஜூனில் தக்காளி நுனியிலை எல்லாம் சுருண்டு, பன்னத்தின் குருத்து மாதிரி ஒடுங்கிப்போனது. உருளைக்கிழங்கும் அப்படியே. வைரஸ் என்று நினைத்து நாலு செடியைப் பிடுங்கியும் விட்டேன். கிழவர் வந்து இலையைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டது ஒரு கேள்விதான்: எரு எங்கே எடுத்தாய்?

விஷயம் இதுதான். புல்வெளியில் முள்ளுச்செடி வராமல் இருக்க ‘அமினோபிறலிட்’ என்ற களைகொல்லி அடிப்பார்கள். புல்லுக்கு அது ஒன்றும் செய்யாது. அந்தப் புல் வைக்கோலாகிக் குதிரை தின்றாலும் மருந்து அழியாமல் சாணத்தோடு வந்துவிடும், எருக் குவியலிலும் நீண்ட நாள் கிடக்கும். தக்காளி, உருளைக்கிழங்கு, அவரை இனம் எல்லாம் அதில் சொட்டுப் பட்டாலும் சுருளும். தொழுவக்காரரைப் பிழை சொல்ல மாட்டேன், வைக்கோல் அவர் விலைக்கு வாங்கினது. ஒரு சாக்கைப் பிரித்துச் சோதிக்காமல் பத்தையும் கொட்டியது நான்.

சோதிப்பது கஷ்டமே இல்லை. மூன்று சாடியில் எருக் கலந்த மண், மூன்றில் வெறும் மண், எல்லாவற்றிலும் அவரை விதை. நாலு கிழமை. என் கொட்டிலில் மிஞ்சிக் கிடந்த எருவில் அதைச் செய்து பார்த்தேன். ஒரு பக்கம் இலை விரிந்து நின்றது, மறுபக்கம் கிண்ணம் போலக் குழிந்து சுருண்டது. மேலே கிடந்ததை வழித்து எடுத்தேன். மீதியை மண்ணில் உள்ள நுண்ணுயிர்தான் தின்று முடிக்க வேண்டும். அதற்குத் திரும்பத் திரும்பக் கொத்திப் புரட்டிக் காற்றுப் பட விடவேண்டும். அந்தப் பாதியில் அந்த வருடம் சோளன் மட்டும். சோளன் புல்லினம், அதற்கு அந்த மருந்து படாது. ஆகஸ்டில் பொத்தி முறித்து அங்கேயே காஸ் அடுப்பில் அவித்து, கிழவருக்கு இரண்டு, அக்காவுக்கு நாலு.

அம்மாவுக்குப் படம் அனுப்பினேன். “சோளன் நல்லாயிருக்கு. வெங்காயம் வைக்கேல்லையோ?” என்று பதில் வந்தது. வைத்தேன், அது வேறு கதை.

இது நாலாவது தை. அன்ரியின் பயித்தை விதையில் மிஞ்சினது, கிழவரின் ரன்னர் பீன்ஸ், என் செடியிலேயே காயவிட்டு எடுத்த மிளகாய், எல்லாம் கடித உறையில் திகதியோடு ஒரு பிஸ்கற் பேணிக்குள் இருக்க வேண்டும். நேற்று அம்மா மிளகாய்ப் பூப் படம் அனுப்பினார். குசினி அலுமாரியைத் திறந்து பார்த்தேன், பேணியைக் காணவில்லை.

“பெப்ரவரி பதினைஞ்சாம் திகதி தருவன்” என்றாள் மனைவி, அடுப்பைப் பார்த்தபடி.