ஆறு தசம் ஒன்று

கடந்த ஆவணியில் எடுத்த இரத்தப் பரிசோதனை அறிக்கையில், வெறுவயிற்றுச் சீனி 114 என்றும் செங்குருதிக் கலங்களில் ஒட்டிய சீனியை அளக்கும் எச்பிஏ1சி 6.1 என்றும் இருந்தது. எனக்கு வயது நாற்பத்தெட்டு. அந்த இரண்டாவது எண் 6.5ஐ எட்டினால் சலரோகம், 5.7க்குக் கீழே நின்றால் கவலையில்லை. இடையில் நிற்பவர்கள் படலைக்கு வந்துவிட்டவர்கள், இன்னும் உள்ளே போகாதவர்கள். செங்குருதிக் கலங்கள் ஏறத்தாழ 120 நாட்கள் வாழ்வதால், அவற்றில் ஒட்டியிருக்கும் சீனி கடந்த இரண்டு மூன்று மாதங்களின் கணக்கை அப்படியே சொல்லிவிடும். பரிசோதனைக்கு முந்திய மூன்று நாட்கள் மட்டும் ஒழுங்காகச் சாப்பிட்டு அதனை ஏமாற்ற முடியாது. நான் முயன்று பார்த்தேன் என்பதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

அறிக்கையைப் பார்த்த வைத்தியர் ஐந்து நிமிடத்துக்கு மேல் எனக்கு ஒதுக்கவில்லை. மருந்து இப்போதைக்கு வேண்டாம், மூன்று மாதத்தில் வாருங்கள் என்று சொல்லி, போட்டோப் பிரதி எடுத்த ஒரு தாளைத் தந்தார். அதில் ஓட்ஸ், அப்பிள், ப்ரொக்கோலி, ஒலிவ் எண்ணெய் என்று எழுதியிருந்தது. கொழும்பில் வெள்ளவத்தைச் சந்தையில் வல்லாரையும் பொன்னாங்காணியும் கட்டுக் கட்டாகக் கிடக்க, கொய்யாவும் பப்பாசியும் கூறு வைத்திருக்க, கப்பலில் வந்த அப்பிளைத் தேடிப் போகச் சொல்லும் அந்தத் தாளை எழுதியவர் இந்த ஊரில் ஒருநாளாவது மரக்கறி வாங்கியிருப்பாரா என்று எனக்குச் சந்தேகம். தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, என் வீட்டுக் கணக்கை நானே பார்ப்பதென்று தீர்மானித்தேன். தொழிலால் நான் கணக்காளர்.

முதலில் தேநீரைப் பார்த்தேன். காலையில் வீட்டில் ஒன்று, கந்தோரில் பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் இரண்டு, மாலையில் வந்ததும் ஒன்று என நாளுக்கு நான்கு பால் தேநீர். ஒவ்வொன்றுக்கும் இரண்டு கரண்டி சீனி. சமையலறைத் தராசில் கரண்டியை வைத்து நிறுத்தபோதுதான் விளங்கியது: தட்டையாக அள்ளினால் 4 கிராம், நான் வழக்கமாகக் குவித்து அள்ளினால் 6 கிராமுக்கு மேல். எட்டுக் கரண்டிக்கு 48 கிராம். நாளொன்றுக்கு 2000 கலோரி உண்பவர் சேர்த்துக்கொள்ளும் சீனி 50 கிராமைத் தாண்டக் கூடாது, 25 கிராமுக்குள் நின்றால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. கந்தோரில் யாருடைய பிறந்தநாள் கேக்கும் வெட்டப்படாத, ஒரு பிஸ்கட்டும் தொடாத நாளிலேயே நான் எல்லைக்கு வந்துவிட்டேன். இலங்கையில் 2016 முதல் சோடாப் போத்தல்களில் சீனியின் அளவுக்கேற்பச் சிவப்பு, மஞ்சள், பச்சைக் குறிகள் போடப்படுகின்றன. என் தேநீர்க் கோப்பைக்கு யாரும் குறி போடவில்லை.

ஒரேயடியாக நிறுத்தவில்லை. இரண்டு கிழமைக்கு ஒருமுறை அரைக்கரண்டி குறைத்தேன். முதல் குறைப்பில் தேநீர் கழுநீர் போலிருந்தது. இரண்டாம் குறைப்பில் அவ்வளவு தெரியவில்லை. தையிலே பொங்கலுக்கு அண்ணி வீட்டில் கொடுத்த தேநீரை முழுதாகக் குடிக்க முடியாமல் பாதியில் வைத்தபோது, நாக்கு மாறிவிட்டதை உணர்ந்தேன். பின்னேரத் தேநீரை மட்டும் அம்மம்மாவின் முறையில் குடிக்கிறேன். பாலும் சீனியும் இல்லாத வெறும் தேத்தண்ணி, உள்ளங்கையில் ஒரு சிறு துண்டு பனங்கட்டி. கடித்துக் கடித்துக் குடிக்கும்போது எவ்வளவு தின்கிறோம் என்பது கையிலேயே தெரியும். கோப்பையில் கரைந்துவிட்ட சீனியை யார் காண்பது?

இதைச் சொன்னதும், பனங்கட்டி சலரோகத்துக்குக் கூடாதது அல்லவே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பனங்கட்டியோ கித்துள் கருப்பட்டியோ, அவற்றில் பெரும்பகுதி சீனிதான். கொஞ்சம் கனிப்பொருள் இருப்பதால் அது மருந்தாகிவிடாது. குரக்கன் விடயமும் அப்படியே. குரக்கன் மாவில் நார்ப்பொருள் உண்டு, 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கல்சியமும் உண்டு. ஆனால் அதிலும் முக்கால் பங்குக்கு அண்மையில் மாச்சத்துத்தான். குரக்கன் புட்டு என்ற துணிவில் இரண்டு குழல் சாப்பிட்டுவிட்டு, சாப்பாடு சரியாக இருந்தும் சீனி ஏறிவிட்டதென்று முறையிடுவதில் நியாயமில்லை. எங்கள் வீட்டில் இப்போது ஒரு குழல் புட்டு, அதற்கு இரண்டு மடங்கு முருங்கையிலை வறையும் சூடைமீன் குழம்பும்.

அடுத்தது மத்தியானச் சோற்றுப் பார்சல். கொள்ளுப்பிட்டியில் வேலை செய்யும் என்னைப் போன்றவர்களின் வாழ்க்கை லஞ்ச் சீற்றில் சுற்றப்பட்டு, இறப்பர் பட்டி போட்டுத்தான் வருகிறது. ஒருநாள் பார்சலை வீட்டுக்குக் கொண்டுவந்து பிரித்து, சோற்றை மட்டும் தனியாக நிறுத்தேன். 560 கிராம். சமைத்த சோறு 100 கிராமுக்கு ஏறத்தாழ 130 கலோரி என்று வைத்தால், சோற்றில் மட்டும் எழுநூறைத் தாண்டுகிறது. ஓரத்தில் ஒட்டியிருந்த கீரை இரண்டு மேசைக்கரண்டிகூட வராது. பருப்பு அதைவிடக் கொஞ்சம் அதிகம். மீன் ஒரு துண்டு, அதிலும் பாதி முள். உலக சுகாதார நிறுவனம் நாளுக்கு 400 கிராம் மரக்கறியும் பழமும் உண்ணச் சொல்கிறது. எங்கள் பார்சலில் அந்த 400 கிராமின் இடத்தில் சோறு உட்கார்ந்திருக்கிறது.

மறுநாள் கடைக்காரத் தம்பியிடம் சோற்றைப் பாதியாக்கிக் கீரையைக் கூடப் போடும்படி கேட்டேன்.

"சோறு குறைச்சாலும் விலை அதேதான் அக்கா."

"விலை கிடக்கட்டும் தம்பி, நீங்கள் கீரையைப் போடுங்கோ."

"எல்லாரும் சோறு காணாது எண்டுதான் சண்டை பிடிக்கிறவை," என்று சிரித்துக்கொண்டே கோவா வறையும் அள்ளிப் போட்டார். இப்போது என்னைக் கண்டதும் கேட்காமலே பாதிச் சோறு வைக்கிறார். வரிசையில் பின்னால் நிற்கும் இரண்டு பெண்பிள்ளைகளும் "அக்காவுக்குப் போட்ட மாதிரி" என்று கேட்கத் தொடங்கியிருப்பது எனக்கு ஒரு சிறு பெருமை. முதலில் கீரையையும் மீனையும் உண்டுவிட்டுச் சோற்றுக்கு வந்தால், சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சீனி குறைவாக இருக்கும் என்பதையும் வாசித்தேன். ஆனால் குழைத்துச் சாப்பிடும் கைக்கு அந்த ஒழுங்கு ஒத்துவரவில்லை என்பதால், குழைக்கும்போதே கீரையை அதிகமாகச் சேர்த்துக்கொள்கிறேன்.

நடையைப் பற்றி எழுதுவதற்கு முன் 2022ஐப் பற்றி எழுத வேண்டும். பொருளாதார நெருக்கடியில் எரிபொருள் வரிசைகள் காலி வீதி நெடுக நீண்டிருந்த அந்த மாதங்களில், கொழும்பில் சைக்கிள்கள் திடீரெனப் பெருகின. நான் வெள்ளவத்தையிலிருந்து பம்பலப்பிட்டி வரை நடந்து, அதன்பின் கிடைத்த பஸ்ஸில் தொங்கினேன். பங்குனி முடிவில் மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை போனபோது, எங்கள் தொடர்மாடியில் மின்தூக்கி நின்றுவிட, ஐந்தாம் மாடிக்கு மரக்கறிப் பையோடு ஏறினோம். அது யாரும் விரும்பிச் செய்த உடற்பயிற்சி அல்ல. பால்மாவுக்கும் காஸுக்கும் அலைந்த காலத்தை நல்ல காலம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆயினும் அந்த ஆண்டு என் பாவாடை நாடா இரண்டு அங்குலம் உள்ளே போனதும், கியூஆர் குறியீட்டு முறை வந்து எரிபொருள் சீரானதும் முச்சக்கர வண்டியில் ஏறி அந்த இரண்டு அங்குலத்தையும் திருப்பி எடுத்துக்கொண்டதும் உண்மை. நடக்க முடியாதவள் அல்ல, நடக்கக் காரணம் இல்லாதவளாகத்தான் இருந்தேன்.

காரணம் கீழ்மாடியில் இருந்தது. ஓய்வு பெற்ற ரீச்சர் ஒருவர் அங்கே தனியாக வசிக்கிறார்; பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில். ஒருநாள் மின்தூக்கியில் என் அறிக்கைக் கதையைக் கேட்டுவிட்டு, "நாளைக்கு ஆறு மணிக்குக் கீழ நிப்பன் பிள்ளை, பிந்தாமல் வாரும்" என்றார். எழுபத்திரண்டு வயதுக்காரியைக் கீழே காத்திருக்க வைக்க முடியுமா? போனேன். திங்கள் முதல் வெள்ளி வரை, மழையில்லாத மாலைகளில் மரைன் டிரைவில் அரை மணி நேரம். ஒருபுறம் தொடர்மாடிகள், மறுபுறம் தண்டவாளமும் அதற்கப்பால் கடலும். ஐந்து நாளுக்கு அரை மணி வீதம் கிழமைக்கு 150 நிமிடம். உலக சுகாதார நிறுவனம் கேட்கும் குறைந்த அளவும் அதுவே.

பத்தாயிரம் அடி என்ற கணக்கை நான் பின்பற்றவில்லை. 1964 டோக்கியோ ஒலிம்பிக்குக்கு அடுத்த ஆண்டில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடியெண்ணிக் கருவியின் பெயரே "பத்தாயிரம் அடி அளவி" என்பதுதான். ஆய்வுகூடத்திலிருந்து வந்த எண்ணல்ல அது. எனக்கு ரீச்சரின் அளவுகோல் போதும்: நடக்கும்போது கதைக்க முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. பாட முடிந்தால் வேகம் காணாது. கதைக்கவும் முடியாவிட்டால் வேகம் கூடிவிட்டது. வைத்தியர்களும் இதே சோதனையைத்தான் சொல்கிறார்கள் என்பதைப் பின்னர் அறிந்தேன். ரீச்சரோ இடையிடையே ஒரு தேவாரத்தை எடுத்துப் பார்ப்பார். இரண்டாம் அடியில் மூச்சு நின்றால் திருப்தியுடன் தலையசைப்பார்.

இந்த நடையில் ஏதோ இருக்கிறது என்று நான் நம்புவதற்கு, 2002இல் அமெரிக்காவில் வெளியான ஒரு பெரிய ஆய்வும் காரணம். என்னைப் போல் படலையில் நின்றவர்களைப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு மாத்திரையும், இன்னொரு பகுதியினருக்கு உணவுக் கட்டுப்பாடும் கிழமைக்கு 150 நிமிட உடலசைவும் கொடுத்தபோது, மாத்திரை சலரோகத்தை 31 வீதமும் பழக்க மாற்றம் 58 வீதமும் குறைத்தன. 2006இல் வெளியான இந்திய ஆய்வில் பழக்க மாற்றத்தின் பலன் 28.5 வீதமாகத்தான் இருந்தது. தெற்காசிய உடலுக்கு ஒல்லியாக இருக்கும்போதே இந்த நோய் வருவது வழக்கம். ஆகவே எடையைவிட இடுப்பளவைக் கவனிக்கச் சொல்கிறார்கள், பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர், ஆண்களுக்கு 90. என்னுடையது 91 ஆக இருந்தது, இப்போது 86.

தசைக்கான பயிற்சியில் நான் கெட்டிக்காரி அல்ல. கதிரையில் கை ஊன்றாமல் பத்துத் தரம் எழும்பி இருப்பது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது, கிழமைக்கு இரண்டு நாள், அவ்வளவே. இரத்தத்தில் உள்ள சீனியைப் பெரிதும் உறிஞ்சும் இடம் தசைதான் என்பதால் அதை விட்டுவிடவும் மனமில்லை.

மகிழ்ச்சியாக இருங்கள் என்று எழுதும் சுகாதாரத் துண்டுகளை வாசிக்கும்போது எனக்கு எரிச்சல் வரும். அது கரண்டியால் அள்ளிப் போடக்கூடிய பொருளா என்ன? என் அனுபவத்தில் அது நடைக்குப் பின் வந்ததல்ல, நடையையே நடத்தியது. மரைன் டிரைவில் நாங்கள் கதைப்பது பெரும்பாலும் பழைய பள்ளிக்கூட வம்புகள்; சில நாள் ரீச்சர் தன் மகனின் விவாகரத்தைப் பற்றிச் சொல்வார், சில நாள் ஒன்றும் சொல்லாமல் பாணந்துறைப் பக்கம் போகும் ரயிலின் வாசலில் தொங்கும் பிள்ளைகளைப் பார்த்து நிற்பார். உடற்பயிற்சிக் கூடத்துக்கு முன்பு இருமுறை பணம் கட்டி இருமுறையும் மூன்றாம் கிழமையில் நின்றவள் நான். இந்த நடை ஏழு மாதம் நிற்கிறது, கீழே ஒருவர் சப்பாத்துப் போட்டுக்கொண்டு காத்திருக்கிறார் என்பதால்.

மூன்றாம் மாதத்தில் எண் 6.0. அவ்வளவு பாடுபட்டு ஒரு தசமமா என்று அழுகையே வந்தது. அப்போது கணக்கில் விடுபட்டிருந்ததைக் கண்டுபிடித்தவர் என் கணவர்: "நீர் எத்தனை மணிக்குப் படுக்கிறீர்?" என்று கேட்டார். ரொறன்ரோவில் இருக்கும் தங்கச்சி தனக்குப் பிற்பகல் இரண்டு மணிக்கு வரும் இடைவேளையில் அழைப்பாள். இங்கே இரவு பதினொன்றரை. ஒரு மணி நேரம் கதைத்து, பிறகு நித்திரை வராமல் கைத்தொலைபேசியைத் தடவி, ஐந்தரைக்கு எழும்பும்போது நாலரை மணி நேரம்கூடத் தூங்கியிருக்க மாட்டேன். பெரியவர்களுக்குக் குறைந்தது ஏழு மணித்தியாலம் வேண்டும். நித்திரை குறைந்தால் இன்சுலின் சரிவர வேலை செய்யாது, மறுநாள் இனிப்புக்கு நாக்கு அலையும். வெளிநாட்டில் உறவில்லாத தமிழ்க் குடும்பம் இந்த ஊரில் அரிது. நித்திரையை உறவுக்குக் கொடுத்துக்கொண்டிருப்பவள் நான் ஒருத்தி மட்டுமல்ல என்று நினைக்கிறேன்.

தங்கச்சியிடம் சொல்லக் கூச்சப்பட்டேன். சொன்னதும் அவள் ஒரு நிமிடத்தில் தீர்த்துவிட்டாள். அவளுடைய இரவு ஒன்பது மணி எனக்குக் காலை ஆறரை. அவள் இரவுச் சாப்பாடு முடித்துத் தன் பேஸ்மென்றில் சுற்றி நடப்பாள், நான் மொட்டைமாடியில் நடப்பேன். சாப்பிட்ட கையோடு நடப்பது அவளுக்கும் நல்லதாம், அவளும் எங்கள் அப்பாவின் பிள்ளைதானே. போன கிழமை வந்த அறிக்கையில் எண் 5.8. இன்னும் படலையில்தான்.

கனடாவில் நேரத்தைப் பின்னே தள்ளும் பனிக்காலத்தில் ஆறரை மணி அவளுக்கு எட்டு மணியாகிவிடும். அப்போது அவள் சமைத்துக்கொண்டிருப்பாள், பின்னால் தாளிக்கும் சத்தம் கேட்கும். நேற்றுக் காலை தண்ணீர்த் தாங்கியைச் சுற்றிப் பதினைந்தாவது வட்டத்தில் இருந்தபோது, ரீச்சரின் சோதனையை அவளுக்குச் சொன்னேன்.

"அப்ப பாடிக் காட்டு அக்கா, பாப்பம்," என்றாள். முதலாம் அடியிலேயே மூச்சு முட்டியது. அங்கே அவள் சிரித்த சிரிப்பில் அடுப்பில் எதுவோ அடிப்பிடித்துவிட்டது.