கோழி வறுவலுக்கு எந்த பீர்? காரைக்குடிக்காரன் சுவைச்சுப் பாத்த குறிப்பு

மிளகும் வரமிளகாயும் தூக்கலா போட்ட நம்ம ஊரு கோழி வறுவலோட ஐபிஏ குடிக்காதீங்க. நோட்டுல எழுதி வச்சதுல முதல்ல சொல்லணும்னு நினைச்சது இதைத்தான். ஐபிஏங்கறது (இந்தியா பேல் ஏல்) ஹாப்ஸ்ங்கற பூவை நிறைய போட்டு கசப்பு ஏத்தின பீர், கசப்பும் காரமும் நாக்குல ஒண்ணா விழுந்தா ஒண்ணை ஒண்ணு அடக்காது, ஏத்தி விட்ரும், பீர்ல இருக்கற கேஸ் வேற எரியற இடத்துலயே போய் சுருக்குனு குத்தும், நாலு வாய் சாப்பிட்டதுக்கு அப்புறம் கோழில இருக்கற சோம்பும் தெரியாது, பீர்ல இருக்கற ஹாப்ஸ் வாசமும் தெரியாது. அதே வறுவலுக்கு ஜெர்மன் கோதுமை பீர் வச்சு சாப்ட்டுப் பாருங்க, காரம் தணிஞ்சு மசாலா மட்டும் மேல வந்து நிக்கும். இது ஏன்னு புரிஞ்சுக்கப் போய்த்தான் எனக்கு இந்த பீர் பைத்தியமே பிடிச்சது.

அதுவரைக்கும் எனக்குத் தெரிஞ்ச பீர் டாஸ்மாக்ல கிடைக்கற 650 மில்லி பாட்டில்தான், அதுலயும் ஸ்ட்ராங், நம்ம நாட்ல விக்கற பீர்ல பெரும்பங்கு ஸ்ட்ராங்தானே, 8 சதவீதம் வரைக்கும் ஆல்கஹால் இருக்கும், பல்லு கூசற அளவுக்கு குளிர வச்சு மடமடனு குடிச்சுட்டு எந்திரிக்கறது. வாசம் பாத்ததே கிடையாது. வேலை விஷயமா பெங்களூரு போனப்ப தேவகோட்டைக்கார நண்பர் ஒருத்தர் இந்திராநகர்ல டாய்ட்டுக்கு கூட்டிட்டுப் போனார், 2010ல ஆரம்பிச்ச இடம், அங்கயே காய்ச்சி அங்கயே ஊத்திக் குடுக்கறாங்க. கோதுமை பீர் ஒண்ணு வந்துச்சு, கலங்கலா, மஞ்சளா, மேல தடிமனா நுரை. வாய்கிட்ட கொண்டு போனா வாழைப்பழமும் கிராம்பும் மணக்குது. பரிமாறின தம்பிகிட்ட, இதுல வாழைப்பழ எசன்ஸ் போடுவீங்களானு கேட்டேன். "இல்ல சார், பழமும் இல்ல கிராம்பும் இல்ல, ரெண்டும் ஈஸ்ட் பண்ற வேலை"ன்னார்.

அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரல, போன்ல தேடித் தேடிப் படிச்சேன். அந்த வாழைப்பழ வாசத்துக்குப் பேரு ஐசோஅமைல் அசிடேட், வாழைப்பழத்துலயும் இதே பொருள்தான் இருக்கு. கிராம்பு வாசம் 4-வினைல் குவாயகால்னு இன்னொண்ணு. தானியத்துல இருக்கற ஃபெருலிக் அமிலத்தை அந்த ஜெர்மன் ஈஸ்ட் ரகம் மாத்தி அதை உண்டாக்குது. ஈஸ்ட்டை மாத்தினா அதே கோதுமைல, அதே தண்ணில வேற பீர் வந்துரும். 1516ல பவேரியால போட்ட சட்டத்துல பீருக்கு பார்லி, ஹாப்ஸ், தண்ணி மட்டும்தான்னு எழுதிருக்கு, ஈஸ்ட் பேரே இல்ல, ஏன்னா பீரை நொதிக்க வைக்கறது ஈஸ்ட்ங்கற ஒரு உயிர்னு அப்ப யாருக்கும் தெரியாது. 1883ல டென்மார்க்ல கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்துல எமில் ஹேன்சன்தான் ஒரே ஒரு ஈஸ்ட் செல்லைத் தனியாப் பிரிச்சு வளத்து சுத்தமான ஈஸ்ட்ல பீர் காய்ச்ச வழி பண்ணார். அதை படிச்சப்ப எனக்கு உடம்பு சிலிர்த்துருச்சு, உண்மையாவே.

அப்புறம் பெங்களூரு போறப்பல்லாம் ஊர்ல இருந்து சாப்பாடு கட்டிட்டுப் போக ஆரம்பிச்சேன். கடைல வெளிச் சாப்பாடு விட மாட்டாங்க, அதனால நண்பர் வீட்லதான் எங்க சோதனை எல்லாம். நான் கோழி வறுவல், உப்புக்கண்டம், சீப்புச் சீடை, வெள்ளைப் பணியாரத்துக்கு மாவு, மிளகாய்த் துவையல் எல்லாம் கொண்டு போவேன், அவர் பாட்டில் வாங்கி வைப்பார். அவர் மனைவி குடிக்க மாட்டாங்க, ஆனா மோந்து பாத்து சொல்றதுல எங்க ரெண்டு பேரையும் விட கெட்டி. ஹோகார்டன்ங்கற பெல்ஜியம் பீரைத் திறந்து ஊத்தினதும், "அண்ணே இதுல மல்லி வாசம் அடிக்குது, நம்ம முழு மல்லி வறுக்கறப்ப வருமே அது"ன்னாங்க. எடுத்துப் பாத்தா நிஜமாவே பெல்ஜியம் விட்பியர்ங்கற கோதுமை பீர்ல கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் போட்டுத்தான் காய்ச்சறாங்க! அந்த வகை பீரே அழிஞ்சு போயிருந்துச்சாம், ஹோகார்டன் ஊர்க்காரர் பியர் செலிஸ் 1966ல திரும்ப காய்ச்ச ஆரம்பிச்சிருக்கார். அஞ்சறைப்பெட்டியோட வளந்த மூக்குக்கு இதெல்லாம் தானா பிடிபடுதுன்னு அன்னிக்குத்தான் நம்பிக்கை வந்துச்சு. கல்பாசி, மராட்டி மொக்கு, அன்னாசிப்பூ இதெல்லாம் தனித்தனியா கண்டுபிடிக்கற மூக்கு நம்ம வீடுகள்ல எத்தனை பேருக்கு இருக்கு, அந்த மூக்கை பீர் பக்கம் யாரும் திருப்பல, அவ்வளவுதான்.

சேர்த்துப் பாத்ததுல தேறினதை சொல்றேன். கோழி வறுவலுக்கு ஜெர்மன் கோதுமை பீர், இதுல மாத்துக் கருத்தே இல்ல, கசப்பு ரொம்பக் குறைவு, கசப்பை அளக்கற ஐபியு கணக்குல 8ல இருந்து 15 வரைக்கும்தான், ஐபிஏ எல்லாம் 40க்கு மேல போகும், அதோட அந்த கிராம்பு வாசம் மசாலால இருக்கற கிராம்போட போய் சேருது. நண்டு, இறால் மாதிரி ஐட்டத்துக்கு விட்பியர், பீரா 91 ஒயிட்ங்கற நம்ம நாட்டு பீரும் இதுக்கு நல்லா போகுது. சீப்புச் சீடை, தேன்குழல், பொரிச்ச வெள்ளைப் பணியாரம் இதுக்கெல்லாம் பில்ஸ்னர்ங்கற வெளிர் நிற பீர் போதும், எண்ணெயை கழுவி எடுத்துட்டு அடுத்த வாய்க்கு நாக்கை தயார் பண்ணி வச்சிரும்.

உப்புக்கண்டத்துக்கு மட்டும் எங்களுக்குள்ள ரொம்ப நேரம் வாதம். நண்பர் லேகர்ங்கற வழக்கமான பீர் வகைதான்னார், எனக்கு அது சப்புன்னு இருந்துச்சு. சிம்பா ஸ்டவுட்னு கருப்பு பீர் ஒண்ணு இருந்ததை திறந்தோம். ஸ்டவுட்ல பார்லியை காப்பிக்கொட்டை கணக்கா கருக வறுத்துப் போடறாங்க, அந்த வறுத்த வாசமும், வெயில்ல காஞ்சு எண்ணெய்ல பொரிஞ்ச ஆட்டுக்கறியோட உப்பும் சேந்தப்ப ரெண்டு பேருமே வாதத்தை விட்டுட்டோம். அந்த பாட்டில்ல மிச்சம் இருந்ததை கவுனி அரிசி இனிப்போட வச்சுப் பாத்தோம் பாருங்க, தேங்காயும் சீனியும் போட்ட கவுனி அரிசியும் ஸ்டவுட்டும்! இத்தனை நாள்ல நான் சாப்ட்டதுலயே இதுதான் முதல் இடம், யாராவது ஒரே ஒரு ஜோடி சொல்லுன்னு கேட்டா இதைத்தான் சொல்லுவேன்.

குடிக்கற விதமும் மாறிப் போச்சு. டம்ளர்ல இல்ல, கண்ணாடி கிளாஸ்லதான் ஊத்தறேன், நிறம் தெரியணும், நுரை எவ்வளவு நேரம் நிக்குதுனு தெரியணும். ரொம்ப குளிர்ந்திருந்தா வாசம் வெளிய வராது, ஃபிரிட்ஜ்ல இருந்து எடுத்து கொஞ்ச நேரம் வெளிய வச்சுட்டுத்தான் ஸ்டவுட் குடிக்கணும், 10 டிகிரிக்கு மேல வந்தாத்தான் அந்த காப்பி, சாக்லேட் வாசமெல்லாம் எட்டிப் பாக்கும். பாட்டில்ல தேதி பாக்காம வாங்கறதில்ல, நம்ம ஊரு வெயில்ல குடோன்ல கிடந்த பீர் சீக்கிரம் வயசாகி நனைஞ்ச அட்டைப்பெட்டி வாசம் அடிக்கும். பச்சை பாட்டிலும் வெள்ளை பாட்டிலும் வெளிச்சத்துல இருந்தா இன்னும் மோசம், வெளிச்சம் பட்டா ஹாப்ஸ்ல இருக்கற கசப்புப் பொருள் உடைஞ்சு ஒரு முடை நாத்தம் வரும், பிரவுன் பாட்டில் வச்சதே அதுக்குத்தான். ஒரு கிளாஸ், மிஞ்சினா ரெண்டு, அதோட சரி, அதுக்கு மேல நாக்கு எதையும் சொல்லாது, வண்டிச் சாவியையும் அன்னிக்கு தொடறதில்ல.

இப்ப வீட்டு சோதனைக்கு வரேன். தமிழ்நாட்ல வீட்ல பீர் காய்ச்ச முடியாது, 1937 மதுவிலக்குச் சட்டம் இன்னும் நடப்புல இருக்கு, அதனால நான் ஈஸ்ட்டை தொடறதே இல்ல. ஆனா ஈஸ்ட் போடறதுக்கு முந்தின வரைக்கும் உள்ள வேலை வெறும் சமையல்தானே, தானியத்தை முளைக்க வச்சு, காய வச்சு, வெந்நீர்ல ஊற வச்சு இனிப்புத் தண்ணி எடுக்கறது. அதை செஞ்சு பாக்கலாம்னு இறங்கினேன். கடைல விக்கற பார்லி தோல் தீட்டினது, முளைக்காது. கேழ்வரகு இருக்கே.

அப்பத்தாவுக்கு இதெல்லாம் கைவந்த வேலை. ராத்திரி ஊறப்போட்டு, காலைல வடிச்சு, வேட்டித் துணில மூட்டை கட்டி, அப்பப்ப தண்ணி தெளிச்சு, முளை நல்லா வந்ததும் முத்தத்துல பாய் விரிச்சு காயப் போட்டாங்க. "கஞ்சிக்குத்தானப்பு, வறுத்துத் தரவா"ன்னு கேட்டாங்க, பாதியை மட்டும் வறுங்க அப்பத்தான்னேன். ஏன்னா முளைக்கறப்ப தானியத்துக்குள்ள அமைலேஸ்னு ஒரு நொதி உண்டாகுது, மாவுச்சத்தை உடைச்சு சக்கரையாக்கறது அதுதான், வாணலில போட்டு வறுத்தா அது செத்துரும். 1833ல பிரான்ஸ்ல பேயன், பெர்சோஸ்னு ரெண்டு பேர் முளைச்ச பார்லில இருந்து இதை முதல்ல பிரிச்சு எடுத்து டயஸ்டேஸ்னு பேர் வச்சாங்க. அப்ப பிரிச்ச அதே சரக்குதான் எங்க வீட்டு முத்தத்துல காஞ்சுட்டு இருக்குன்னு நினைக்கறப்ப ஒரு சந்தோஷம்.

வெயில்ல மட்டும் காஞ்சதை நொய்யா உடைச்சு, வறுத்ததை நிறத்துக்கும் வாசத்துக்கும் கொஞ்சமா கலந்து, ஒரு கிலோவுக்கு நாலு லிட்டர் தண்ணி கணக்குல 65 டிகிரி சூட்ல வச்சு, பாத்திரத்தை கம்பளி சுத்தி வச்சேன். மாவுச்சத்து முழுசா மாறிடுச்சானு பாக்க மருந்துக்கடை டிங்சர் அயோடின் போதும், ஒரு சொட்டு வெள்ளை பீங்கான் தட்டுல விட்டு பக்கத்துல அந்த தண்ணியை ஒரு சொட்டு கலந்தா, மாவு இருந்தா கருநீலம் ஆகும், இல்லன்னா அயோடின் நிறத்துலயே நிக்கும். ஆரம்பத்துல கன்னங்கரேல்னு ஆச்சு, ஒரு மணி நேரம் கழிச்சு விட்ட சொட்டு நிறம் மாறவே இல்ல. நாக்குல வச்சா அப்படி ஒரு இனிப்பு, சீனி ஒரு சிட்டிகை கூட போடல! அப்பத்தாவே ரெண்டு தடவை கேட்டாங்க, வெல்லம் போட்டியான்னு.

தண்ணியையும் மாத்திப் பாத்தேன். கேன் தண்ணில ஒண்ணு, எங்க ஊரு சம்பை ஊத்துத் தண்ணில ஒண்ணு. ஊத்துத் தண்ணில எடுத்தது வாய்ல கொஞ்சம் நிறைவா இருந்துச்சு, அது எனக்கு மட்டும் தோணல, எதுல எதுனு சொல்லாம குடுத்தப்பவும் வீட்ல எல்லாரும் அதையே கை காட்டினாங்க. பீர் சரித்திரமே தண்ணிதான், பில்சன் ஊர்ல தாது உப்பு கம்மியான மென்மையான தண்ணி, அதனாலதான் 1842ல அங்க வெளிர் நிற லேகர் அவ்வளவு நல்லா வந்துச்சு, இங்கிலாந்து பர்ட்டன் ஊர்ல ஜிப்சம் கலந்த தண்ணி, ஹாப்ஸ் கசப்பை அது எடுப்பா காட்டும், இந்தியாவுக்கு கப்பல்ல வந்த ஐபிஏவுக்கு அந்த ஊர் பேர் போனதே அதனாலதான்.

ஹாப்ஸ் ஆன்லைன்ல பெல்லட்டா கிடைக்குது, கேஸ்கேட் ரகம் வாங்கினேன். பாக்கெட்டை பிரிச்சா நார்த்தங்காய்த் தோலை நகத்தால கீறினா வர்ற அதே வாசம், நம்ம பக்கம் நார்த்தங்காய் ஊறுகாய் போடற வீட்டுக்காரங்களுக்கு சட்டுனு பிடிபடும். அந்த இனிப்புத் தண்ணியை மூணு பாத்திரமா பிரிச்சு ஒண்ணுல ஹாப்ஸை ஒரு மணி நேரம் கொதிக்க விட்டேன், ஒண்ணுல கடைசி கால் மணி நேரம், இன்னொண்ணுல அடுப்பை அணைச்சுட்டு போட்டேன். முதல் பாத்திரம் நல்ல கசப்பு, வாசமே இல்ல. கடைசி பாத்திரம் வாசம் வீடெல்லாம், கசப்பு பேருக்குத்தான். ஹாப்ஸ்ல இருக்கற ஆல்ஃபா அமிலம் கொதிக்க கொதிக்கத்தான் கசப்பா மாறும், வாசம் குடுக்கற எண்ணெயோ கொதிச்சா ஆவியா பறந்துரும். ரசத்துக்கு மல்லித்தழையை இறக்கறப்ப போடற அதே கணக்கு. பீர் காய்ச்சறவங்க ஏன் ரெண்டு மூணு தடவையா பிரிச்சு ஹாப்ஸ் போடறாங்கங்கறதை எத்தனையோ தடவை படிச்சிருக்கேன், நாக்குல வச்சப்பத்தான் உறைச்சுது.

போன தடவை கவுனி அரிசியையும் சேத்தேன். டாய்ட்ல பாஸ்மதி அரிசி போட்டு ஒரு பீர் உண்டு, அதை குடிச்சப்பவே தோணினதுதான் இது. அரிசி மாவுச்சத்து 65 டிகிரில இளகாது, அதனால முதல்ல குழைய வேக வச்சு, சூடு ஆறினதும் கேழ்வரகு முளையோட கலந்து விட்டேன். நேரம் கூட எடுத்துச்சு, கருஞ்சிவப்பு நிறத்துல அயோடின் சோதனை சரியா தெரியல, தண்ணி ஊத்தி நீர்க்க வச்சுத்தான் பாக்க முடிஞ்சுது. வடிகட்டினா ஊதா நிறம், லேசா பருப்பு வாசம், இனிப்பு கேழ்வரகு மட்டும் போட்டதை விட கம்மி. கொஞ்சமா ஹாப்ஸ் போட்டு ஆற வச்சு ஃபிரிட்ஜ்ல வச்சிருந்தேன், பீர் வாடையே ஆகாத அப்பச்சி ஒரு கிளாஸ் குடிச்சுட்டு இன்னொரு கிளாஸ் கேட்டாங்க. அடுத்து அரிசி அளவை பாதியாக்கி, முளையை கூட்டிப் பாக்கப் போறேன், ஹாப்ஸை அடுப்பு அணைச்சதுக்கு அப்புறம் மட்டும் போட்டு.