டவுன் க்ரையர் உருவப்படம்: சிவப்புக் கோட்டு வரை வந்தாயிற்று

டவுன் க்ரையர் என்பவர் இங்கிலாந்து ஊர்களில் கைமணி அடித்து, "ஓயேஸ்" (கேளுங்கள்) என்று மும்முறை கூவி, அறிவிப்பு வாசித்தவர். விக்டோரியா கால முறையில் அவரை ஆயில் பெயிண்டில் தீட்டும் வேலை இது.

கேன்வாஸ் 36 × 28 அங்குலம். அங்கே இதற்குக் 'கிட்-கேட்' அளவு என்று பெயர். முகம், மார்போடு ஒரு கையும் அடங்கும். 30 × 25 எடுத்தால் தலையும் தோளும்தான் தேறும், மணிக்கு இடமிருக்காது. மணி இல்லையென்றால் சரிகைக் கோட்டுக்காரர் மாளிகைச் சேவகரா வண்டியோட்டியா என்றே தெரியாது.

ரா அம்பர் என்ற மண்பழுப்பு நிறத்தை, பெயிண்டை நீர்க்கச் செய்யும் டர்பன்டைனில் கரைத்துப் பூசி, துணியால் துடைத்துவிட்டால் அடித்தளம் தயார். அதன்மேல் பர்ன்ட் அம்பரும் (அடர் பழுப்பு) வெள்ளையும் கொண்டு ஒளி நிழல் மட்டும். நாலு நாளில் காய்ந்தது.

உண்மையான வேலை அவர் அணிந்த சிவப்புக் கோட்டில்தான். அக்காலத்தவர் பூசிய வெர்மில்லியன் என்ற சிவப்பு பாதரசச் சேர்மம், நச்சு. அதனால் காட்மியம் ரெட். எண்ணெய் ஒரு பங்கு, டர்பன்டைன் மூன்று பங்கு. நிழலுக்குக் கறுப்பு கலந்தால் சிவப்பு செத்துவிடும். பர்ன்ட் சியன்னாவில் (செம்பழுப்பு) துளி அல்ட்ராமரின் (அடர் நீலம்) போதும். வெளிச்சத்துக்கு வெள்ளை கலந்தால் ரோஸ் நிறமாகிச் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளிறும். காட்மியம் ஆரஞ்சு கலக்க வேண்டும்.

நன்றாகக் காய்ந்தபின் மேலே குயினாக்ரிடோன் ரோஸ், கண்ணாடிபோல் மெல்லிசாக. ரோஸ் மேடர் என்ற பழைய வேர்ச்சாய நிறம் இவ்வளவு மெல்லிய பூச்சில் வெளிச்சம் பட்டு வெளுக்கும், அதனால் வேண்டாம். எண்ணெயும் டர்பன்டைனும் சரிபாதி. நிழலிலும் மடிப்புகளிலும் மட்டும். ஒளி படும் தோளைத் தொடக்கூடாது. இடது கைப்பகுதியில் ஐந்தாம் நாளே பூசியதால் அடிச்சிவப்பு கரைந்து கோடு கோடாக வந்தது. அதைச் சுரண்டி மறுபடி பூச ஒரு வாரம் கூடுதல். டர்பன்டைன் தொட்ட துணியால் லேசாகத் தேய்த்துப் பாருங்கள். துணியில் சிவப்பு ஏறினால் இன்னும் பொறுக்க வேண்டும். வலது கைக்குப் பன்னிரண்டு நாள் விட்டோம், சுத்தமாக உட்கார்ந்தது.

பின்னணி இருட்டுக்கு அந்தக் கால ஓவியர் பலர் பிட்டுமென் என்ற தார் போன்ற பழுப்பைப் பூசினார்கள். அது முழுதாகக் காயாது. மேற்பூச்சு இறுகும்போது அடியில் நழுவி, முதலைத்தோல் மாதிரி அகல வெடிக்கும். எத்தனையோ நல்ல முகங்கள் அப்படிக் கெட்டன. பர்ன்ட் அம்பரும் அல்ட்ராமரினும் அதே ஆழத்தைத் தருகின்றன, வெடிப்பில்லாமல்.

சரிகைக்குத் தங்கப் பெயிண்ட் கூடாது. வெளிச்சம் மாறினால் அது கறுத்துத் தெரியும். ரா அம்பர், மேலே யெல்லோ ஓக்கர் (மண்மஞ்சள்), முனைகளில் மட்டும் வெள்ளை கலந்த ஓக்கரைத் தடிப்பாக ஒற்ற வேண்டும். மணிக்கும் இதே நிறங்கள்தான், ஆனால் கோட்டுப் பக்கம் சிவப்பின் பிரதிபலிப்பு விழவேண்டும். முதலில் அதை விட்டபோது மணி வெட்டி ஒட்டியதுபோல் நின்றது.

மிச்சம்: முக்கோணத் தொப்பியின் சரிகை, மணியின் மரக் கைப்பிடி. வார்னிஷ் ஆறு மாதம் கழித்து.