கடலுக்குப் போய் வந்த காலையில் சுகர் டெஸ்ட் வேண்டாம்

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கம் சுகர் டெஸ்ட் எடுக்கும்போது நாங்கள் முதலில் கேட்பது, "ராத்திரி கடலுக்குப் போனீங்களாண்ணே?" என்றுதான். விடிய விடிய வலை இழுத்துக் கரையேறியவர், பச்சைத்தண்ணிகூடக் குடிக்கலை, வெறும் வயிறுதான் என்பார். வயிறு வெறுமைதான், கல்லீரல் சும்மா இருந்திருக்காது. தூக்கமில்லாத உழைப்பில் அட்ரினலின் என்ற ஹார்மோன் ஏறும். அதன் உத்தரவில் கிளைகோஜன் பாஸ்பாரிலேஸ் நொதி விழித்துக்கொண்டு, கல்லீரலின் சர்க்கரைச் சேமிப்பான கிளைகோஜனை உடைத்து குளுக்கோஸாக இரத்தத்தில் விடும். சேமிக்கும் நொதியான கிளைகோஜன் சின்தேஸ் அதே உத்தரவில் அடங்கிவிடும். அந்தக் காலையில் வரும் சுகர் அளவை நம்பி மாத்திரையைக் கூட்டக் கூடாது. ஓர் இரவாவது கரையில் தூங்கி எழுந்து வரட்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலம் இதற்கு மிகவும் தோது.

குளுக்கோஸ் குடித்துப் பார்க்கும் டெஸ்ட் என்றால் முந்தைய மூன்று நாளும் சோற்றைக் குறைக்கக் கூடாது. தினம் 150 கிராம் மாவுச்சத்தாவது வேண்டும். நல்ல ரிசல்ட் வர வேண்டுமென்று பட்டினி கிடப்பவர்களுக்குத்தான் எண் எகிறும். காரணம் குளுக்கோகைனேஸ். கல்லீரல் இந்த நொதியை இன்சுலின் சொன்னால்தான் போதுமான அளவு தயாரிக்கும். சோறு குறைந்தால் இன்சுலின் குறையும், நொதியும் குறையும், திடீரென்று வரும் குளுக்கோஸைப் பிடித்துவைக்க ஆள் இருக்காது.

குறைந்தது 8 மணி நேரம் வெறும் வயிறு. முதல் இரத்தம் எடுத்தபின் 75 கிராம் குளுக்கோஸை 300 மில்லி தண்ணீரில் கரைத்து ஐந்து நிமிடத்துக்குள் குடிக்க வேண்டும். அடுத்த இரண்டு மணி நேரம் உட்கார்ந்தே இருக்க வேண்டும். பீடி, டீ கூடாது. நடந்தால் தசை இன்சுலினுக்குக் காத்திராமல் குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். வாந்தி எடுத்துவிட்டால் அன்றைய டெஸ்ட் செல்லாது. இரண்டாம் மணியில் 140 mg/dL-க்குக் கீழ் சரி, 200-ம் அதற்கு மேலும் நீரிழிவு.

அதிகம் கோட்டைவிடுவது இரத்தம் எடுத்த பிறகுதான். குழாய்க்குள்ளும் இரத்த அணுக்கள் குளுக்கோஸைத் தின்னும், மணிக்கு 5 முதல் 7 சதவீதம். நம்மூர் வெயிலில் இன்னும் கூடும். சாம்பல் மூடிக் குழாயில் இதைத் தடுக்கும் ஃபுளோரைடு இருக்கிறதே என்று அசந்துவிடக் கூடாது. அணுக்கள் குளுக்கோஸைப் படிப்படியாக உடைக்கும் வரிசையில் ஃபுளோரைடு தடுப்பது ஒன்பதாம் படியிலுள்ள இனோலேஸ் நொதியை. முதல் படியிலுள்ள ஹெக்சோகைனேஸ் ஒரு மணி நேரத்துக்கு மேலும் வேலை செய்துகொண்டிருக்கும். எடுத்தவுடன் ஐஸ் தண்ணீரில் வைத்து, அரை மணி நேரத்துக்குள் அணுக்களிலிருந்து பிளாஸ்மாவைப் பிரித்துவிடுங்கள். ஐஸ் நல்ல தண்ணீரில் போட்டதாக இருக்கட்டும். உப்பு கலந்த மீன்பெட்டி ஐஸின் கடுங்குளிரில் இரத்தம் ஐஸாக உறைந்து அணுக்கள் உடைந்துவிடும்.